காத்திருக்கும் காலமும் இல்லறமே

(யூபிலி ஆயத்த நாள்களில், குடும்ப ஞாயிறன்று முகையூரில் தம்பதியர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் மனத்தில் எழுவது கொடியேற்றமும் தேர்ப்பவனியும் வாணவேடிக்கையும் விருந்தும்தான். அவை வேண்டியவையே. ஆனால் பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஐம்பதாம் ஆண்டைப் புனிதமாக்கும்படி இறைவன் கட்டளையிட்டபோது தேரையோ விருந்தையோ கேட்கவில்லை. நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்குத் திரும்பட்டும், குடும்பத்தைப் பிரிந்தவன் தன் குடும்பத்தாரிடம் திரும்பட்டும் என்றுதான் கேட்டார். பிரிந்தவர் ஒன்று சேர்வதே யூபிலி. திருத்தந்தை பிரான்சிஸ் 2025-ஆம் ஆண்டை எதிர்நோக்கின் யூபிலியாக அறிவித்ததையும் நீங்கள் அறிவீர்கள். எதிர்நோக்கு என்பது கையில் கிட்டாததை நம்பிக்கையோடு காத்திருப்பது.

ஆகவே இன்று மாலை, மணமாகியும் ஒரே கூரையின்கீழ் வாழ முடியாமல், ஏதோ ஓர் அலுவலகத்தின் பதிலை எதிர்பார்த்திருக்கும் தம்பதியரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இக்கூட்டத்திலேயே அப்படிப்பட்ட மகள்கள் இருக்கக்கூடும். அவர்கள் கூச்சப்பட வேண்டாம். நாம் யாரையும் சுட்டிக் காட்டப் போவதில்லை.

"சாமி, இது பட்டணத்துக்காரர் பிரச்சினை அல்லவா?" என்று கேட்பீர்கள். இல்லை. நம் உயர்மறைமாவட்டத்தின் பெயரே புதுவை-கடலூர். புதுச்சேரி 1954 நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது. 1956-இல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டப்படி நிறைவு பெற்றது. அங்கு பிறந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். சிலர் அவ்வாறே எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் படையில் சேவை செய்து ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பாரீசிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வேலை செய்கிறார்கள். பெண் பார்க்க மட்டும் இந்தப் பக்கம் வருகிறார்கள். நம் வட்டாரத்தார் அவர்களுக்குப் பெண் கொடுக்கிறார்கள். மூன்று ஞாயிறு கோயிலில் திருமண அறிக்கை வாசிக்கிறோம். தாலி கட்டியாகிறது. மாப்பிள்ளை விடுமுறை முடிந்து விமானம் ஏறுகிறார். பெண் தாய் வீட்டில் இருக்கிறாள்.

அதன் பிறகு நடப்பது என்ன? பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர் இங்கே மணம் முடிப்பதானால், அவர் மணம் செய்யத் தகுதியுள்ளவர் என்ற சான்றிதழைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் முன்னதாகப் பெற வேண்டும். நாம் மூன்று ஞாயிறு அறிக்கை வாசிப்பது போல, அவர்களும் பத்து நாள் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். தேவை என்று கண்டால் இருவரையும் அழைத்து, சேர்த்தும் தனித்தனியாகவும் விசாரிக்கிறார்கள். மணம் முடிந்தபின் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதன் பிறகே மனைவிக்கு விசா. ஐயம் தோன்றினால் கோப்பு பிரான்சின் நாந்து நகரிலுள்ள அரசு வழக்குரைஞரிடம் போகும். மணம் உண்மையானதா என்று முடிவு செய்ய, அந்நிலையில் சட்டம் அவருக்கு ஆறு மாதம் வரை தருகிறது.

மற்ற நாடுகளும் இப்படித்தான். அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டப்படி, மணமாகி ஈராண்டு நிறையாதவருக்கு ஈராண்டுக்குரிய நிபந்தனை வதிவுரிமைதான் முதலில் கிடைக்கும். அது முடியுமுன் இருவரும் சேர்ந்து மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். கனடாவும் 2012-இல் இப்படி ஒரு நிபந்தனை வைத்தது. கொடுமை செய்யும் துணையை விட்டு விலகினால் உரிமை போய்விடுமே என்று அஞ்சி அடிபட்டுக் கொண்டிருந்தவர்களின் நிலை எடுத்துச் சொல்லப்பட்டது. 2017-இல் அந்நிபந்தனை நீக்கப்பட்டது. இங்கிலாந்தில், குடியேறுவதற்காக மணக்கவில்லை என்று தம்பதியரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1997-இல் அதையும் எடுத்தார்கள். வெள்ளைக்காரன் மட்டும்தான் கேட்கிறான் என்று எண்ண வேண்டாம். இந்தியரை மணந்த வெளிநாட்டவர் வெளிநாடுவாழ் இந்தியக் குடியினர் அட்டை பெற வேண்டுமானால், பதிவு செய்த மணம் ஈராண்டு தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும் என்று நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்கிறது.

இன்னும் அருகே பாருங்கள். நம் விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இத்தகைய முகாம்களில் வளர்ந்த பெண் இந்தியக் குடிமகனை மணந்தாலும் அவளுக்குக் குடியுரிமை எளிதில் வருவதில்லை. மணவழியில் விண்ணப்பிக்க 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாண்டு வாசத்தைக் கேட்கிறது. உரிய ஆவணமின்றி வந்தவருக்கு 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவையும் அடைக்கிறது. பாரீசுக்குப் போகக் காத்திருப்பவளுக்காவது ஒரு நேர்காணல் நடந்தது. இவர்களை நேர்காணலுக்கு அழைப்பாரும் இல்லை. நம் செபத்தில் அவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

அன்பானவர்களே, இனி நம் சொந்த வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சொல்ல வேண்டும்.

முன்பு நாம் வேறொரு பங்கில் பணியாற்றியபோது ஒரு மகளுக்கு மணம் செய்து வைத்தோம். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை; அந்நாட்டுக் குடியுரிமையும் உண்டு. எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். மணமான இருபத்திரண்டாம் நாள் அவர் புறப்பட்டுவிட்டார். சில மாதங்களில் அந்தப் பெண்ணை நேர்காணலுக்கு அழைத்தார்கள். தகப்பனாரோடு விடியற்காலைப் பேருந்தில் போனாள். திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள், மாமியார் ஊர் எது, கணவர் எந்த நேரம் வேலைக்குப் போகிறார் என்றெல்லாம் கேட்டார்களாம். கடைசியாக ஒரு கேள்வி: "உங்கள் கணவர் காலையில் என்ன குடிப்பார்?" அவள் சொன்னாள்: "இங்கே இருந்த இருபத்திரண்டு நாளும் எங்கள் வீட்டுக் காப்பி குடித்தார். அங்கே என்ன குடிக்கிறார் என்று எனக்குத் தெரியாது." அலுவலர் எழுதிக்கொண்டார். "பதில் தெரிவிப்போம், போகலாம்" என்றார்.

பதில் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் தாய் வாசலுக்கு வந்து நிற்பாள். அந்தப் பெண் கைப்பேசியில் தன் கோப்பு எண்ணை அடித்து அடித்துப் பார்ப்பாள். நாள்தோறும் அதே வரிதான்: 'பரிசீலனையில் உள்ளது.' ஊரில் பேச்சு கிளம்பியது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "இன்னும் பேப்பர் வரலையா?" என்றாள். ரேஷன் கடை வரிசையில் இன்னொருத்தி, "அவனுக்கு அங்கே வேறு குடும்பம் இருக்குமோ?" என்றாள். ஞாயிறு திருப்பலிக்கு முன்வரிசையில் வந்து பாடிக்கொண்டிருந்த பெண், வாரநாளில் இருட்டோடு வந்து, பின்சுவரோரம் நின்று, நன்மை வாங்கிக்கொண்டு போகத் தொடங்கினாள். நாமும் கவனித்தோம். கவனித்தோமே தவிர, அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு நாள் அவளே வந்தாள். "சாமி, தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னது தப்பா? டீ குடிப்பார்னு ஏதாவது ஒண்ணைச் சொல்லியிருந்தா இந்நேரம் பதில் வந்திருக்குமா?" என்று கேட்டு அழுதாள். உண்மை சொன்னது ஒருநாளும் தவறாகாது என்று ஆறுதல் சொல்லி அனுப்பினோம். அவளுடைய அண்ணன் இருமுறை வந்து, "சாமி, கோயில் பதிவேட்டைக் கொஞ்சம் பாருங்க, சர்டிபிகேட்டுல ஏதாவது பிசகு இருக்கலாம்னு சொல்றாங்க" என்றார். நமக்குக் கோபம் வந்தது. "இத்தனை ஆண்டாக எழுதுகிறோம், நம் பதிவேட்டில் பிசகா?" என்று திருப்பி அனுப்பிவிட்டோம்.

ஏழாம் மாதம் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மணச் சான்றிதழிலுள்ள பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழிலுள்ள தேதியும் ஒத்துப்போகவில்லை, விளக்கம் தருக என்று கேட்டிருந்தார்கள். அன்றுதான் பதிவேட்டைத் திறந்தோம். கல்யாண நாளின் அவசரத்தில், பிறந்த தேதி எழுத வேண்டிய கட்டத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேதியை எழுதியிருந்தோம். கையெழுத்து நம்முடையது. முத்திரையும் நம் பங்கினுடையது.

உண்மையைச் சொன்ன மகள் தன்னைக் குற்றவாளியாக எண்ணி ஏழு மாதம் அழுதாள். பிழை செய்த நாமோ ஏழு மாதமும் நன்றாகத் தூங்கினோம்.

அன்றே பதிவேட்டின் ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையொப்பமிட்டோம். நடந்ததை விளக்கி, பிழை நம்முடையது என்று கடிதம் கொடுத்தோம். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தகப்பனாரிடமும் அண்ணனிடமும் மன்னிப்புக் கேட்டோம். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகும் நாலு மாதம் சென்றது. பிறகு விசா வந்தது. இன்று அவள் அங்கே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

இதிலிருந்து நாம் கற்றுக்கொண்டதை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, தாமதம் தீர்ப்பு அல்ல. பதில் வராததால் உங்கள் மணம் பொய்யாகிவிடவில்லை. மணத்தை ஆக்குவது மணமக்களின் சம்மதமே என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1057-ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தச் சம்மதத்தைப் பீடத்தின்முன் நீங்கள் கொடுத்தாயிற்று. அலுவலகம் அதைச் சோதித்துப் பார்க்கிறது. ஆக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. நாமும்தான் திருமணத்துக்கு முன் பெண்ணையும் பிள்ளையையும் தனித்தனியே உட்கார வைத்து, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சம்மதிக்கிறாயா என்று விசாரிக்கிறோம். உங்களை அவமதிக்கவா? அருட்சாதனத்தைக் காக்கத்தான். விசாரணையைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் விசாரிப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. குடிபெயர்ந்தோர் தம் குடும்பத்தோடு இயன்றளவு விரைவில் சேரும் உரிமை உடையவர்கள் என்று 1983-இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனம் 12-ஆம் பிரிவில் கூறுகிறது. இது சலுகை அன்று, உரிமை.

இரண்டாவது, பொய்க் கலியாணத்துக்கு உடன்படாதீர்கள். பேப்பருக்காக மட்டும் செய்யும் மணம் பிரான்சிலும் அமெரிக்காவிலும் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். "பெயருக்கு ஒரு மணம், சான்றிதழ் மட்டும் எழுதித் தாருங்கள் சாமி" என்று நம்மிடம் வந்தவர்களும் உண்டு. மறுத்தோம். கோபித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் செய்யும் பொய்யால், உண்மையாய் மணந்த பத்துப்பேர் மீது ஐயம் விழுகிறது. அவர்கள் காத்திருக்கும் நாள்களும் நீள்கின்றன.

மூன்றாவது, ஆவணங்களைக் கல்யாணத்துக்கு முன்பே சரிபாருங்கள். நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் இல்லை; தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான். அவர்கள் படிவத்திலோ குடும்பப் பெயர் எது என்று கேட்பார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருந்தால் ஒரே பெண் மூன்று பெண்ணாகத் தெரிவாள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரின் மணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதையும் மறவாதீர்கள். நம் பங்கு அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கியவுடன் வீட்டுக்கு ஓடாதீர்கள். அங்கேயே நின்று படியுங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள். நாம் கோபிக்க மாட்டோம். கோபித்தால் இந்த உரையை நமக்கு நினைவூட்டுங்கள்.

நான்காவது, காத்திருக்கும் காலத்தை வீணாக்காதீர்கள். சூசையப்பரை நினையுங்கள். தேவதூதர் அவரை எகிப்துக்கு ஓடச் சொன்னார். சொல்லும்வரை அங்கேயே இரு என்றார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. தேதி தெரியாமலே அந்நிய நாட்டில் அவர் தாயையும் குழந்தையையும் காத்தார். ஆகவேதான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-இல் குடிபெயர்ந்தோரைப் பற்றி எழுதிய மடலில், நாடு கடந்து வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் திருக்குடும்பத்தை முன்மாதிரியாக வைத்தார். நீங்களும் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். போகிற நாட்டில் அது எப்படியும் வேண்டும். கையிலிருக்கும் வேலையை விடாதீர்கள். பதில் வருமுன் நகையையும் நிலத்தையும் விற்காதீர்கள். "உள்ளே ஆளைத் தெரியும், பணம் கொடு, முடித்துத் தருகிறேன்" என்கிற தரகரை வாசற்படி ஏற விடாதீர்கள். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகல் வையுங்கள். கேட்க வேண்டியதைக் கோப்பு எண்ணோடு எழுத்தில் கேளுங்கள்.

ஐந்தாவது, அயல்நாட்டிலிருக்கும் கணவன்மாருக்கு. இவ்வுரை மலரில் அச்சாகி உங்கள் கைக்கு வரும் என்பதால் சொல்கிறோம். மாதம் பணம் அனுப்பினால் கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். நாள்தோறும் பேசுங்கள். காலையில் நீங்கள் என்ன குடிக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்து முகம் காட்டுங்கள். உங்கள் மனைவி கோயிலுக்குள் தலைநிமிர்ந்து நடப்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஒருவேளை மறுப்பு வந்தால்? மறுப்பும் முடிவு அல்ல. மேல்முறையீட்டுக்கு நாள்கணக்கு உண்டு. கடிதத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்து அழாமல், அன்றே விவரம் அறிந்த வழக்கறிஞரிடம் எடுத்துச் செல்லுங்கள். எல்லா வழியும் அடைபட்டால், அவர் இங்கே வரலாம். மணம் எங்கே வாழ வேண்டும் என்று வேதத்தில் எழுதியில்லை. சேர்ந்து வாழ வேண்டும் என்றுதான் இருக்கிறது.

இறுதியாகப் பங்கு மக்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். அலுவலகம் தரும் வேதனை ஒரு பங்கு என்றால், ஊர் வாய் தரும் வேதனை மூன்று பங்கு. அலுவலர் ஒரே நாள், ஒரே அறையில் கேள்வி கேட்டார். நாமோ தெருவிலும் குழாயடியிலும் கோயில் முற்றத்திலும் நாள்தோறும் நேர்காணல் நடத்துகிறோம். இந்த யூபிலிக்கு நீங்கள் தேருக்குப் பூ கொடுக்க வேண்டாம். இந்த ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுங்கள். "இன்னும் போகலையா?" என்று எவளையும் கேட்காதீர்கள். "வாம்மா, பாட்டுக்கு ஆள் குறைகிறது, முன்னால் வந்து நில்" என்று கூப்பிடுங்கள். தனியாக உண்ணும் பெண்ணைப் பண்டிகை நாளில் உங்கள் வீட்டுக்கு அழையுங்கள்.

ஒவ்வொரு முதல் வெள்ளியும் மாலைத் திருப்பலிக்குப் பிறகு, பங்கு அலுவலகத்தில் பதிவேடுகளைத் திறந்து வைத்து நாம் காத்திருப்போம். பெயரோ தேதியோ சரிபார்க்க வேண்டியவர்கள் வாருங்கள். சரிபார்க்க ஒன்றும் இல்லாமல், மனம் கனத்திருப்பவர்களும் வாருங்கள். ஏழு மாதம் திறக்காமல் வைத்த பதிவேட்டுக்கு நாம் செய்யும் பரிகாரம் அது.

பெத்லகேமுக்குப் பெயர் பதியப் போனவரும், எகிப்தில் பதிலுக்காகக் காத்திருந்தவருமான சூசையப்பரும், அவரோடு அத்தனை வழியும் நடந்த தேவமாதாவும், நம் காத்திருக்கும் தம்பதியர் அனைவருக்காகவும் மன்றாடுவார்களாக. ஆமென்.